அரசவைகள் பல, ஆடலாசான் ஒருவர்

புரவலர் இன்றிக் கலை வளர்வதில்லை என்பர். ஆயின், புரவலர் மறைந்த பின்னும் கலை வாழ்கின்றதே, அஃது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவைதோறும் சென்று பணிபுரிந்த பாலே நடன ஆசான் ஒருவரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம். அவர் பெயர் ழான் ஜார்ஜ் நோவேர்.

1727ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பாரிசில் பிறந்த நோவேர், லூயி துப்ரே என்னும் புகழ்பெற்ற ஆடற்கலைஞரிடம் பயின்றார். அக்காலப் பாலே எத்தகையது? ஆடுவோர் முகத்தை முகமூடி மறைத்தது. தலையைப் பொய்ம்முடி அழுத்தியது. வளையமிட்டு விரித்த பாவாடை உடலசைவைத் தடுத்தது. கால்கள் விந்தை புரிந்தன. முகமோ ஊமையாய் நின்றது. அபிநயம் கண்டு பழகிய நமக்கு இக்குறை எளிதில் விளங்கும்.

நோவேரின் தொடக்க காலம் இனிதாக அமையவில்லை. 1755இல் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் டேவிட் காரிக் அவரை இலண்டனுக்கு அழைத்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூளவிருந்த வேளை அது. பிரெஞ்சுக்காரரின் ஆடல் நமக்கெதற்கு என்று அவையோர் கொதித்தெழுந்து அரங்கையே நொறுக்கினர். கலைஞன் தன் கலைக்காக அன்றி, பிறந்த நாட்டுக்காக ஒறுக்கப்பட்டான்.

பின்னர் லியோன் நகர அரங்கில் பணியாற்றுகையில் அவர் எழுதியதே ‘நடனம் பற்றிய கடிதங்கள்’ என்னும் நூல். 1760இல் அது வெளிவந்தது. முகமூடியைக் களைக, சொல்லின்றியே மெய்ப்பாட்டால் கதை கூறுக, ஆடலாசான் இசையும் ஓவியமும் வரலாறும் உடற்கூறும் கற்றிருத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். வியன்னாவில் ஹில்ஃபர்டிங் போன்றோர் இவ்வழியில் முன்னரே முயன்றிருந்தனர். ஆயினும், அக்கருத்தை ஐரோப்பா முழுதும் பரப்பியது நோவேரின் நூலே.

அந்நூலை அவர் வூர்ட்டம்பர்க் கோமகன் கார்ல் ஆய்கனுக்கு உரிமையாக்கினார். பதவியும் கிட்டியது. ஸ்டுட்கார்ட் அவையில் ஏழாண்டுகள் பணிபுரிந்தார். 1763இல் கோமகனின் பிறந்தநாள் விழாவில் அவர் அமைத்த ‘மெடியாவும் ஜேசனும்’ என்னும் பாலே பெரும்புகழ் பெற்றது. ஆடம்பரத்தால் கருவூலம் வற்றியதும், 1767இல் ஆசானும் குழுவினரும் வேலையிழந்தனர். செலவைக் குறைக்க முனைவோர் கண்ணில் முதலில் படுவது கலைதான் போலும்!

அடுத்து வியன்னா. பேரரசி மரியா தெரேசாவின் மகள் மேரி அண்டாய்னெட்டுக்கு நடனம் கற்பிக்கும் பேறு அங்குக் கிட்டியது. அம்மாணவி பிரான்சின் அரசியானபின், 1776இல் தம் ஆசானைப் பாரிஸ் ஆபெராவின் நடனத் தலைவராக அமர்த்தினார். ஆனால், முறைப்படி அவ்விடம் தங்களுக்கே உரியதென அங்கிருந்த மூத்த கலைஞர்கள் கார்டெலும் தோபர்வாலும் குமுறினர். பணிமூப்பு மீறப்பட்டால் அலுவலகத்தில் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம்; ஆபெராவிலும் அதுவே நிகழ்ந்தது. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. சூழ்ச்சிகளால் சலிப்புற்ற நோவேர் 1781இல் விலகினார்.

பின்னர்ப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793இல் அரசியின் தலை வீழ்ந்தது. ஆசானின் ஓய்வூதியமும் அப்புயலில் சிக்கியது. 1810இல், 83ஆம் அகவையில், பாரிசை அடுத்த சேன் ஜெர்மேன் ஆன் லே என்னும் ஊரில் அவர் காலமானார்.

மாற்றல் ஆணையைக் கையிலேந்தி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவ்வாழ்வு புதிதன்று. ஓர் அவை தந்த பதவியை மற்றோர் ஆணை பறித்தது. ஆனால், எந்த அவையையும் சாராத லியோனில் அவர் எழுதிய நூலை எவராலும் பறிக்க இயலவில்லை. கோமகனையும் பேரரசியையும் வரலாற்று மாணவரே நினைப்பர். நோவேர் பிறந்த ஏப்ரல் 29ஆம் நாளோ, 1982 முதல் பன்னாட்டு நடன நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் சலங்கை கட்டும் நம் பிள்ளைகளிடம் இவ்வாசானைப் பற்றி ஒரு சொல் கூறுவோமாக. பதவி பிறர் தருவது. கற்றதைப் பிறர்க்கு உரைத்துச் செல்வதே நாம் விட்டுச்செல்லும் உடைமை.