கரண்டு போயிட்டுன்னா என்னல செய்வ?

வீட்டுச் சமையலை முழுசாக மின்சாரத்துக்கு மாற்றி, கேஸ் சிலிண்டர் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி இது. நான் எஞ்சினியர் ஆச்சே, எண்களை எடுத்து வைத்தேன். கேஸ் அடுப்பில் எரியும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகுது, மிச்சம் நம்ம முகத்தில்தான் அடிக்குது. இண்டக்‌ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்து போகும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள்: “சரி, கரண்டு போயிட்டுன்னா என்னல செய்வ?”

அவளுக்குப் புரியவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கேள்விக்கு எண்பது வருஷ வரலாறு இருக்கிறது என்பது எனக்குத்தான் புரியவில்லை.

*

அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு விக்கிரமசிங்கபுரம். தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். ஆற்றுநீரின் வேகத்தை நம்பித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் அங்கே பஞ்சாலை கட்டினார்கள். பிறகு அதே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அன்றைய மதராஸ் மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன.

பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூரின் மில்களையும் கிணற்று மோட்டார்களையும் ஓட்டியது. பாபநாசத்து மின்சாரம் மலையை விட்டு இறங்கி மதுரை, தூத்துக்குடி வரை போனது. மின்நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆச்சியோ சுள்ளியும் பனைமட்டையும் வைத்துப் பொங்கினாள். அவள் வீட்டுக்குக் கரண்டு வந்தபோது முதல் பல்ப் முன்கட்டில்தான் தொங்கியது. அடுக்களைக்கு ஒரு பல்ப் வர மேலும் சில வருஷம் ஆச்சாம். அதுவும் புகை படிந்து மஞ்சளாகவே எரிந்ததாக அம்மா சொல்வாள்.

*

தமிழ்நாட்டு அடுக்களைக்குள் மின்சாரம் வந்த வழியைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அது அரைக்க வந்தது, வேகவைக்க வரவில்லை.

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுரலைச் சுற்றிய கைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மாவாட்டியவர்களிடம் கேட்க வேண்டும். இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அறுபதுகளுக்குப் பிறகு மிக்சி வந்தது, அம்மிக்கல் கொல்லைப்புறம் போனது. 2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அரசே கொண்டுவந்து கொடுத்தது.

ஆனால் அடுப்பு மட்டும் மின்சாரத்துக்கு வரவில்லை. காரணம் எளிய கணக்கு. மிக்சி ஐநூறு வாட் எடுக்கும், அதுவும் ஐந்து நிமிஷத்துக்கு. அடுப்புக்கு இரண்டாயிரம் வாட் வேண்டும், மணிக்கணக்கில். 230 வோல்டில் இரண்டாயிரம் வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். நம்ம பழைய வீடுகளில் இருப்பது பல்புக்கும் ஃபேனுக்கும் இழுத்த வயரும் ஐந்து ஆம்பியர் பிளக்கும்தான். சுருள்கம்பி ஹீட்டர் இருந்தது, இல்லாமல் இல்லை. அது ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து, வார்டன் வந்தால் பறிபோகிற பொருள். குடும்பங்கள் அதை நம்பியதில்லை.

*

அதனால் நெருப்புக்குத் தனி வரலாறு. விறகு, உமி, மரத்தூள், கரி போடும் குமுட்டி, பிறகு மண்ணெண்ணெய். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசை எல்லா ஊரிலும் இருந்தது. பம்ப் ஸ்டவ்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. “ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு” என்பது எண்பதுகளின் நாளிதழ்களில் வழக்கமான செய்தி. அவற்றில் பல, ஸ்டவ் வெடித்த சாவுகள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். புகுந்த வீட்டுக் கொடுமைக்கு எதிராக 1983இல் 498ஏ பிரிவும், வரதட்சணைச் சாவுக்கு 1986இல் 304பி பிரிவும் சட்டத்தில் சேர்ந்தன. அடுப்பின் வரலாற்றை எரிபொருளை மட்டும் வைத்து எழுத முடியாது.

சமையல் கேஸ் ஐம்பதுகளிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. 1965இல் இந்தியன் ஆயில் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பைத் தொடங்கியது. சின்ன ஊர்களுக்கு அது வந்து சேர ரொம்ப காலம் ஆனது. இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி.க்களுக்கென்று கூப்பன் ஒதுக்கீடு இருந்த காலம் அது. அம்மா தொண்ணூறுகளின் நடுவில்தான் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். “அன்னைக்குத்தான் சமைச்சு முடிச்சதும் சேலை மணக்காம இருந்துச்சு” என்பாள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு நாளையும் காலண்டரில் குறித்து வைப்பாள். ஏஜென்சிக்காரருக்கு எதிராக வைத்துக்கொண்ட சாட்சி என்று அதைச் சொல்லலாம்.

விறகும் மண்ணெண்ணெயும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை கேஸ் திருப்பிக் கொடுத்தது. அதைத்தான் நான், ரெண்டு பத்தி கணக்கை வைத்துக்கொண்டு, கொடுத்துவிடச் சொன்னேன்.

*

அவள் கேள்வி நேராக வந்தது 2012இலிருந்து. அந்த வருஷம் செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான் என்று மத்திய அரசு அறிவித்தது. நாடு முழுக்க ஜனங்கள் இண்டக்‌ஷன் அடுப்பைத் தேடிப் போனார்கள். நாங்களும் ஒன்று வாங்கினோம். தமிழ்நாட்டில் அதே நாட்களில்தான் கரண்டே இல்லை. சென்னையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால், எங்கள் பக்கம் பாதி நாளுக்கு மேல் இருக்காது. இலவச மிக்சி வந்து இறங்கிய வீடுகளில் அதை ஓட்டக் கரண்டு எப்போ வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு பரணுக்குப் போனது. மானிய வரம்பு அடுத்த ஜனவரியில் ஒன்பதாகவும், பிறகு பன்னிரண்டாகவும் ஆன பிறகு அதை யாரும் இறக்கவே இல்லை.

அம்மாவின் கேள்வி அறியாமையில் வந்தது இல்லை. அவள் ஏற்கனவே ஒருமுறை மாறிப் பார்த்தவள்.

*

இப்போது நிலைமை வேறு. வெட்டு எப்போதாவதுதான். இன்னொரு பக்கம், நாட்டின் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி. எங்கேயோ போர் என்றால் நம் வீட்டு சிலிண்டர் விலை ஏறும்.

14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதே சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 140 யூனிட் போதும். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வரும். அப்படியானால் இரண்டு மாச பில்லில் 210 யூனிட் கூடும். மொத்தம் 500ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே உள்ள சில யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். சொந்த வீடு, பதினாறு ஆம்பியர் பிளக், தனி மீட்டர் இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு சரிப்பட்டு வருகிறது. வீட்டுக்காரர் சொல்கிற விலைக்கு யூனிட் வாங்குகிற வாடகைக் குடித்தனத்துக்கு வராது.

அம்மாவிடம் சொல்லாமல் விட்ட கணக்கும் ஒன்று உண்டு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதை வைத்துச் சமைத்தால், மொத்தத்தில் கேஸைவிட அதிக எரிபொருளைத்தான் எரிக்கிறேன். புகை எங்கள் அடுக்களையில் இல்லை, அவ்வளவுதான். எண்ணூரில் இருக்கிறது, கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலில் இருக்கிறது, அங்கே மீன் பிடிக்கிறவர் வலையில் இருக்கிறது. ஆச்சி ஊதிய புகையை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை.

காற்றும் வெயிலும் சேர்ந்தால் கணக்கு மாறும். ஆடிக்காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கிற மாசங்களில் நம் மின்சாரத்தில் கணிசமான பங்கு எதையும் எரிக்காமல் வருவது. வெயில் நடுப்பகலில் தாராளம். ஆனால் தோசை காலை ஏழு மணிக்கு, இட்லி ராத்திரி எட்டு மணிக்கு. பகல் வெயிலை ராத்திரி வரை சேர்த்துவைக்கிற பேட்டரிகளோ, மலைமேல் தண்ணீரை ஏற்றி வைக்கிற நிலையங்களோ பெருகாதவரை, ராத்திரிச் சமையலுக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் எரியும். ஆக, அம்மாவின் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: கரண்டு எங்கேருந்துல வருது?

*

எட்டு மாசம் ஆகிறது. அலுமினிய இட்லிக்கொப்பரைக்குப் பதில் அடி தட்டையான எவர்சில்வர் கொப்பரை வந்தது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஷோகேஸுக்குப் போனது. அப்பளத்தைத் தீயில் வாட்ட முடியாது, கத்திரிக்காயைச் சுட முடியாது என்ற குறை அப்படியே இருக்கிறது. பால் பொங்கி வழியாதது மட்டும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெயில் காலத்தில் அடுக்களையில் வேர்க்காமல் நிற்க முடிகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதை நான் கேட்டேன். என்னிடம் சொன்னதில்லை.

சிலிண்டர் இரண்டையும் கொடுக்கவில்லை. ஒன்றைத்தான் கொடுத்தோம். மற்றது பழைய இடத்திலேயே இருக்கிறது. போன மாசம் மழையில் மூணு மணி நேரம் கரண்டு போனபோது, அம்மா ஒண்ணும் சொல்லாமல் அதைத் திறந்து காப்பி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நானும் ஒண்ணும் சொல்லாமல் குடித்தேன்.

காலண்டரில் அவள் இன்னும் குறித்து வைக்கிறாள். சிலிண்டர் மாற்றிய தேதி தைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் இப்போது கரண்டு எப்போ போச்சு, எப்போ வந்துச்சு என்ற நேரங்கள் இருக்கின்றன.