காலாங்கில் இறங்கிய வானூர்திகள்

சிங்கப்பூரின் காலாங் விளையாட்டரங்கத்தை அடுத்து, உச்சியில் வட்டவடிவக் கண்ணாடிக் கோபுரத்தைத் தாங்கிய பழைய கட்டடம் ஒன்று உள்ளது. இத்தீவின் முதல் பொது வானூர்தி நிலையம் அதுவே. 18 ஆண்டுகளே பணியாற்றிய அந்நிலையத்தின் கதை, நீண்ட காலத்திற்கென்று கட்டப்பட்ட ஒன்று எத்துணை விரைவில் போதாமற் போயிற்று என்பதன் கதையாகும்.

1930ஆம் ஆண்டு முதல் பயணிகளை ஏற்றிய வானூர்திகள் தீவின் வடபுறத்தில் உள்ள சிலேத்தார் படைத்தளத்திலேயே இறங்கின. நகருக்குத் தொலைவிலிருந்த அத்தளம் வணிகத்திற்கு ஏற்றதாக இல்லை. ஆளுநர் சர் செசில் கிளெமென்டி காலாங் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். தரையில் இறங்குவனவும் நீரில் இறங்குவனவுமாகிய இருவகை வானூர்திகளும் ஒரே இடத்தில் வந்து சேரலாம் என்பது அத்தேர்வின் சிறப்பு.

ஆயினும் அந்நிலம் ஆளற்றுக் கிடந்ததன்று. நீர்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகளில் மலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கம்போங் அங்கிருந்தது. சதுப்பைத் தூர்க்க வேண்டியதாயிற்று, அக்குடும்பங்கள் பெயர்ந்தன. அவர்களுள் பலர் ஜாலான் யூனோஸ் பகுதியிலிருந்த கம்போங் மலாயுவில் குடியேறினர். நிலையத்தின் திறப்பு விழாவை வியந்து எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

1937ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் நிலையத்தைத் திறந்து வைத்தார். கட்டடத்தை வரைந்தவர் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் பிராங்க் டோரிங்டன் வார்டு. உச்ச நீதிமன்றக் கட்டடமும் அவர் கைவண்ணமே. வானூர்தி காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். காற்றோ திசை மாறும். ஆகவே நீண்ட ஓடுபாதைக்கு மாறாக வட்டமான புல்தரை அமைக்கப்பட்டது. எத்திசையிலிருந்தும் இறங்கலாம். அதே மாதத்தில் உலகை வலம்வந்துகொண்டிருந்த அமீலியா இயர்ஹார்ட்டும் இங்கு இறங்கினார். வியர்ன்ஸ் நிறுவனத்தின் சிறு வானூர்திகள் கோலாலம்பூருக்கும் பினாங்கிற்கும் பறக்கத் தொடங்கியதும் அம்மாதத்திலேயே.

அவற்றில் ஏறியவர்கள் யார்? அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் பெருவணிகருமே. தமிழரிற் பெரும்பாலோருக்குப் பயணம் என்றால் கப்பல்தான். ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்து, பல நாள் அலைகடலில் கிடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வானூர்தி அண்ணாந்து பார்ப்பதற்குரிய பொருளாகவே இருந்தது. 1954இல் ஏர் இந்தியா சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கிய பின்னரும் கப்பலே ஏழையரின் ஊர்தியாக நீடித்தது.

போர் வந்தது. பொது நிலையம் போர் வானூர்திகளின் தளமாயிற்று. 1942 பிப்ரவரியில் நகரோடு அதுவும் சப்பானியர் வசமாயிற்று. புல்தரையில் ஓடுபாதை அமைத்தவர்கள் அவர்களே. போருக்குப்பின், 1947 மே 1ஆம் நாள், மலாயன் ஏர்வேஸ் தன் முறையான சேவையைத் தொடங்கியது. ஐந்து பயணிகளையே ஏற்றக்கூடிய ஏர்ஸ்பீடு கான்சல் வானூர்தி அதற்குப் போதியதாக இருந்தது. பிற்காலச் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கும் மலேசிய வானூர்தி நிறுவனத்திற்கும் அதுவே வேர்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த வானூர்திகள் பெருத்துக்கொண்டே போயின. ஓடுபாதையை நீட்டியபோது அது மவுண்ட்பேட்டன் சாலையைக் குறுக்கிட்டது. வானூர்தி வரும்போதெல்லாம் சாலைப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருபுறம் கடல், மறுபுறம் நகர். நிலையம் இனி வளர இடமில்லை.

1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், ஜகார்த்தாவிலிருந்து வந்த கான்ஸ்டெலேஷன் வானூர்தி ஓடுபாதைக்கு முன்னுள்ள கடற்சுவரில் மோதித் தீப்பற்றியது. பயணிகள் 31 பேரும் ஊழியர் இருவரும் மாண்டனர். பாய லேபாரில் புதிய நிலையத்திற்கான பணிகள் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தன. 1955 ஆகஸ்டு 20இல் அது திறக்கப்பட்டது. காலாங் ஓய்ந்தது.

ஓய்ந்த நிலமும் சும்மா இருக்கவில்லை. 1956 மார்ச்சில், விடுதலை கோரி அங்குக் கூடிய பெருங்கூட்டம் கலவரத்தில் முடிந்தது. 1960இல் அமைக்கப்பட்ட மக்கள் கழகம் அக்கட்டடத்தைத் தலைமையகமாகக் கொண்டு 2009 வரை அங்கிருந்தது. 1973இல் அருகே தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. வானூர்திகளின் நினைவு பெயர்களில் தங்கிற்று. ஓடுபாதை கிடந்த பகுதியில் ‘ஓல்டு ஏர்போர்ட் ரோடு’ உள்ளது. அதனை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கு டகோட்டா வானூர்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2010இல் திறக்கப்பட்ட நிலத்தடி இரயில் நிலையமும் டகோட்டா என்றே அழைக்கப்படுகிறது.