மூங்கில் ஆணியிலிருந்து எஃப்-30 வரை

பழைய தச்சு வேலையில் இரும்பாணிக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. நிலைச்சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகச் செதுக்கிப் பொருத்தி, இணைப்பில் மூங்கில் ஆணியைக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்கினார்கள். சட்டம் கனமாக இருந்ததால் விளிம்பு அலங்காரத்தையும் அதிலேயே இழைத்து எடுக்க முடிந்தது. தனியாகப் பட்டை செய்து ஆணி அடிக்கும் தேவையே எழவில்லை.

சென்னையின் மேற்கில் அந்தத் தேவை தொழிற்சாலைகளைத் தொடர்ந்து வந்தது. 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் குடியிருப்புகளாயின. 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிகால் பசை, வஜ்ரப் பசையைக் காய்ச்சும் வேலையை மெல்ல மெல்லக் குறைத்தது. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தேக்குப் பலகை இருந்த இடத்துக்குப் பிளைவுட் வந்தது.

பிளைவுட்டை அறுத்தால் விளிம்பில் அடுக்குகள் தெரியும். அதை மறைக்கும் மெல்லிய மரப்பட்டைதான் பீடிங். பீடிங்கை வெறும் பசையில் நிறுத்தினால், பசை காய்வதற்குள் நகர்ந்துவிடும்; கொண்டையுள்ள ஆணி அடித்தால் பிளந்துவிடும். அதனால் தச்சர்கள் சிறு ஆணியின் கொண்டையை வெட்டி எறிந்தார்கள். கூர்முனையையும் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுங்கடித்தார்கள். கூர்முனை ஆப்புபோல நாரைப் பிரிக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். கடைசியில் பஞ்ச் வைத்து ஆணியை உள்ளே தள்ளி, மரத்தூளைப் பசையில் குழைத்துக் குழியை அடைத்தார்கள். ஓர் அலமாரிக்கு இப்படி நூற்றுக்கணக்கான ஆணிகள் அடிக்க வேண்டியிருந்தது.

காற்றழுத்தம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1962இல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் பாடியில் லாரிகளுக்கான ஏர் பிரேக் செய்தது. காற்றால் ஆணி அடிக்கும் ‘கன்’ 1950களிலேயே அமெரிக்கச் சந்தையில் இருந்தது. இங்கே மாடுலர் கிச்சன் பெருகிய பிறகுதான் அது தச்சர் கைக்கு வந்தது. விசையை அழுத்தியதும் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று பிஸ்டனை உந்த, அதோடு இணைந்த தகடு ஒரே அடியில் ஆணியை மரத்துக்குள் புதைக்கிறது. சுத்தியல், பஞ்ச் இரண்டின் வேலையும் ஒரு நொடிக்குள் முடிகிறது.

எந்த கன் என்பதைப் பட்டையின் கனம் தீர்மானிக்கிறது. கம்பியை அச்சில் இழுக்க இழுக்க மெலியும். அந்தக் கணக்கில் பிறந்ததால், ஆணியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூட ஆணி மெல்லியது. 15 கேஜ் சுமார் 1.8 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2, 23 கேஜ் 0.6. ஆணியின் நீளம் பட்டைக் கனத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இருப்பது பொது விதி.

பீடிங் வேலையில் அதிகம் புழங்கும் எஃப்-30 கன், 10 முதல் 30 மி.மீ. வரையிலான 18 கேஜ் ஆணியை அடிக்கும். பெயரிலுள்ள எண் ஆணியின் உச்ச நீளம். 10 மி.மீ. பட்டைக்கு 25 அல்லது 30 மி.மீ. ஆணி போதும். நிலையைச் சுற்றிவரும் 18 மி.மீ. தேக்குப் பட்டைக்கு 45 அல்லது 50 மி.மீ. ஆணி வேண்டும். அங்கே எஃப்-50 ஓரளவு தாங்கும். கதவு அறைந்து அறைந்து அதிரும் நிலைக்கு 16 அல்லது 15 கேஜே உறுதி. 23 கேஜ் பின்னின் தடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்குத் தனியே பிடிப்புக் கிடையாது; பசை காயும்வரை பட்டையை நிறுத்திவைக்க மட்டுமே உதவும்.

அழுத்தம் குறைந்தால் ஆணி வெளியே துருத்தும். கூடினால் மெல்லிய பட்டையைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்து அழுத்தத்தைச் சரிசெய்வார்கள். 18 கேஜ் ஆணி விடும் குழி நீள்சதுரமானது. அதன் நீளப்பக்கம் மர ரேகையோடு சேர்ந்து ஓடுமாறு கன்னைப் பிடித்தால், புட்டி பூசிய பிறகு தடம் ரேகைக்குள் மறைந்துவிடும்.