மதுக்கரைச் சிமென்டும் கடல் தாண்டியவர் வீடும்

துபாயிலோ டெக்சாஸிலோ வேலை பார்த்துக்கொண்டே கோவையை அடுத்த மதுக்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு கட்டி முடிப்பது இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. பணம் வங்கி வழியாக வருகிறது. மேஸ்திரி செல்போனில் படம் அனுப்புகிறார். புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு குடும்பம் வந்து இறங்குகிறது. வெளிநாட்டுச் சம்பளம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தப் பதில் போதாது. வெளிநாட்டுப் பணம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. உடையவரும் அவருடைய உறவும் பக்கத்தில் இல்லாமலே வீடு எழும்புவதோ அண்மைக் காலத்து வழக்கம். இந்த மாற்றத்துக்குப் பணத்தைவிடப் பெரிய காரணம், சுவரைப் பிடித்து நிறுத்தும் சாந்து மாறியதுதான் என்பது என் வாதம். கொங்கு நாட்டில் அந்த மாற்றம் தொடங்கிய இடம் மதுக்கரை.

சிமென்டுக்கு முந்திய சாந்து சுண்ணாம்பு. கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, ஊறப்போட்டு, மணல் சேர்த்து, மாடு பூட்டிய கல்சக்கரத்தில் அரைக்க வேண்டும். நல்ல பூச்சுக்குக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் கல்லாக இறுகும். அவசரப்படுத்தினால் கெட்டுவிடும். எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும் என்பது கொத்தனாரின் கைக்கே தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் வீட்டுக்காரர் தரப்பில் ஒருவர் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து பார்க்க வேண்டியிருந்தது. கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையும் வில்லை ஓடு வேய்ந்த வீடும் இப்படித்தான் எழுந்தன. மண்ணும் கல்லும் அருகிலேயே கிடைத்தன. ஓடு மட்டும் பின்னாளில் வெளியிலிருந்து வந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஜெர்மானியர்கள் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெங்கும் பரவியபின், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடு கோவைக்கு எளிதாக வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிமென்ட் இல்லாத காலத்திலும் அயலார் இங்கே வீடு கட்டவில்லையா? வெளிநாட்டிலிருந்துகொண்டு ஊரில் மாளிகை எழுப்பியவர்கள் இல்லையா? இருந்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் வீடு கட்டினார். 1822-இல் உதகையில் கல் பங்களாவைத் தொடங்கினார். அது இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வீட்டை அவருடைய சம்பளம் மட்டும் கட்டவில்லை. சிறுமுகையிலிருந்து மலைமேல் பாதை வெட்ட அரசின் ஆட்கள் இருந்தார்கள். தோடர்களின் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்கு எடுக்க அவருடைய பதவி துணை நின்றது. பின்னாளில் தோடர்களின் நில உரிமைக்காக அவரே தம் மேலதிகாரிகளோடு வாதாடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் அந்த ஒரு ரூபாய்க் கணக்கு அதனால் நேராகிவிடவில்லை. செட்டிநாடு இன்னும் வலுவான மறுப்பு. ரங்கூனிலும் பினாங்கிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்தியவர்கள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியப் பளிங்கு இறக்கி, ஆத்தங்குடிக் கல் பதித்துக் கட்டினார்கள். சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கலந்தது. ஆனால் கடல் கடந்து போனவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்களும் பெரியவர்களும் ஊரில் இருந்தார்கள். தொழிலுக்குப் போனவர் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் திரும்பி வந்தார். ஆக, சல்லிவனுக்கு அதிகாரம் ஆள் தந்தது, செட்டியாருக்குக் குடும்பம் ஆள் தந்தது. இரண்டில் ஒன்று இல்லாதவருக்குப் பணம் மட்டும் இருந்து பயனில்லை. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்காமல், அதற்கே சான்று சொல்கிறது.

ஆள் அருகில் நின்றே ஆக வேண்டும் என்ற அந்தத் தேவையைத் தளர்த்தியதுதான் மதுக்கரையில் நடந்தது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் கிடந்தது. போத்தனூரிலிருந்து பாலக்காடு போகும் ரயில்பாதை ஊர் வழியாகவே சென்றது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தின் தொழில் வேகம் கூடியது. 1934-இல் மதுக்கரையில் சிமென்ட் ஆலை எழுந்தது. எந்திரங்கள் டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனத்தினுடையவை. அவற்றை நிறுவும் பணிக்கு அந்த நிறுவனம் அனுப்பிய பொறியாளர் சோரன் டூப்ரோ. 1938-இல் தம் நாட்டவரான ஹோல்க்-லார்சனோடு சேர்ந்து பம்பாயில் லார்சன் அண்டு டூப்ரோவைத் தொடங்கியவர் அவரே. 1936-இல் இந்தியச் சிமென்ட் நிறுவனங்கள் பல இணைந்து உருவான ஏ.சி.சி.யின் பெயரால்தான் மதுக்கரை ஆலையை மக்கள் அறிந்தார்கள். காளவாயில் வெந்த அதே வகைக் கல்தான், களிமண்ணோடு சேர்ந்து சுமார் 1,450 பாகை வெப்பத்தில் வெந்து, பொடியாகி, மூட்டைக்குள் அடைபட்டது. அந்த மூட்டையோடு கொத்தனாரின் கைக்கணக்கில் பெரும்பகுதி ஆலைக்குப் போய்விட்டது. ஒரு மூட்டைக்கு இத்தனை மணல், இத்தனை ஜல்லி, 28 நாளில் இத்தனை வலு என்பதைக் காகிதத்தில் எழுதலாம், ஒப்பந்தமாகப் போடலாம், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சரிபார்க்கலாம்.

அப்படியானால் 1934-க்குப் பிறகும் அரை நூற்றாண்டு மதுக்கரையைச் சுற்றிய தோட்டங்களில் ஓட்டு வீடுகளே மிகுந்திருந்தது ஏன் என்று கேட்கலாம். ஆலைப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தவருக்கும் சிமென்ட் எட்டாத பொருளாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் அதன் விலையையும் விநியோகத்தையும் அரசு கட்டுப்படுத்தியது. அணைக்கும் பாலத்துக்கும் முதலிடம், வீட்டுக்கு பர்மிட். 1982-இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. அதன் பிறகே மூட்டை ஊர்க் கடைக்குத் தாராளமாக வந்தது. வளைகுடாப் பணமும் பின்னர் மென்பொருள் பணமும் வந்த காலமும் ஏறக்குறைய இதுவே என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கிறோம். பணம் கையில் இருந்தும் பர்மிட்டுக்கு அலைந்த முந்திய தலைமுறையை நினைத்தால் எது எதைத் திறந்துவிட்டது என்பது விளங்கும்.

சிமென்டை நான் குறை சொல்வதாகக் கொள்ள வேண்டாம். கூரை ஒழுகாத வீடு ஏழைக்கும் கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. மழைக்கு ஒருமுறை மண்சுவர் பூசிய பெண்களின் முதுகுவலி குறைந்ததும் அதனால்தான். ஆனால் ஊரோடு இருந்த உறவு இல்லாமலே வீடு எழுப்பலாம் என்ற நம்பிக்கையையும் அது கொடுத்துவிட்டது. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. பங்காளி நின்று பார்த்த இடத்தில் இன்று பவர் பத்திரம் நிற்கிறது. சட்டமும் முழுக் கதவைத் திறக்கவில்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே மனையும் வீடும் வாங்கலாம். விவசாய நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வீடு வேண்டுமென்றால் இன்றும் அப்பனும் ஆத்தாளும் விட்டுச் சென்ற உறவுதான் வழி. சிமென்டும் ஆளைக் கேட்காமல் இல்லை. தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாளாவது அதை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதுக்கரையில் எப்படி வீசும் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் தண்ணீர் காட்டாமல் விட்ட தளம் மேலே வெடிப்பு விட்டுவிடும். செல்போன் படத்தில் அந்த மயிரிழை வெடிப்பு தெரியாது. வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்ட நினைக்கும் உறவுகளே, விடுப்பைப் புதுமனை புகுவிழாவுக்காகச் சேர்த்து வைக்காதீர்கள். தளம் போடும் வாரத்துக்கு வாருங்கள். வர முடியாவிட்டால், அந்த ஏழு நாளும் தண்ணீர் விட ஊரிலேயே ஓர் ஆளை அமர்த்தி, அவருக்கு நல்ல கூலி கொடுங்கள்.