குற்றம் நடந்த நேரம்

நினைவில்லாமல் செய்த செயலுக்கு ஒருவனைத் தண்டிக்கலாமா என்ற கேள்விக்கு, மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பே சட்டம் பதில் வைத்திருந்தது. உடல் அசைந்தாலும் மனம் உடன் வராத செயல் அவனுடைய செயல் ஆகாது என்பதே அது. சாலையில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் எவரும் தப்பிவிடலாம் என்பதை ஆங்கிலேய நீதிபதிகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1945இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இரவு வேலை முடித்துக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் வழியில் கண் அயர்ந்து, சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த ராணுவ வீரர்கள்மீது மோதிவிட்டார். மோதிய கணத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதால் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. தூக்கம் ஒருவரைத் திடீரென்று வீழ்த்துவதில்லை, இமை கனக்கத் தொடங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும், அப்போதே வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதாவது குற்றம் மோதிய நொடியில் நடக்கவில்லை, அதற்குச் சில நிமிடங்கள் முன்பு நடந்தது. பத்தாண்டுக்குப் பிறகு அமெரிக்காவிலும் இதே நியாயம் பேசப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் 1955இல் ஒருவர் வலிப்பு வந்த நிலையில் காரை நடைபாதையில் ஏற்றிவிட, நான்கு பள்ளிச் சிறுமிகள் இறந்தார்கள். வலிப்பு வந்தவருக்கு அந்த நேரத்தில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் தனக்கு எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம் என்று தெரிந்திருந்தும் தனியாகக் காரை எடுத்தாரே, அதுவே குற்றமாகும் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956இல் கூறியது.

குற்றத்தின் நேரத்தை இப்படிப் பின்னுக்கு நகர்த்துவது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இறந்தவர்களுக்கும் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது இரண்டு தூண்களின்மீது நிற்கிறது. ஒன்று, ஆபத்து நெருங்கும்போது உடல் முன்னறிவிப்பு தரும். இன்னொன்று, அந்த ஆபத்து இன்னதென்று அவருக்கு முன்பே தெரியும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் தூக்க மாத்திரை இந்த இரண்டு தூண்களையும் ஆட்டிவிட்டது. தன் நிலையை எடைபோடும் புத்தியையே அது முதலில் மழுங்கடிக்கிறது. அதன் ஆபத்தைப் பற்றிய அறிவோ ஓட்டுபவரிடம் பிறப்பதில்லை. தயாரித்தவர், எழுதிக்கொடுத்தவர், விற்றவர் என்று வேறு கைகளிலிருந்து வந்து சேர வேண்டியது அது. ஆகவே இந்த வழக்குகளில் நேரத்தை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்த வேண்டும். மாத்திரை கைமாறியபோது எச்சரிக்கையும் கைமாறியதா என்று பார்த்து, பொறுப்பை அதற்கேற்பப் பகிர வேண்டும். கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது என்பது என் வாதம்.

பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மதுவாலோ மருந்தாலோ வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. மருந்து என்றால் அபின், கஞ்சா போன்ற போதை வஸ்துக்கள்தானா, மருத்துவர் தரும் மருந்தும் சேருமா? 1957இல் இன்சுலின் போட்டுக்கொண்டு ஓட்டி மயங்கிய ஒரு நீரிழிவு நோயாளியின் வழக்கில், மருத்துவர் தரும் மருந்தும் மருந்தே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1903 முதல் புழக்கத்துக்கு வந்த பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகள் அப்போது பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருந்தன. அறுபதுகளில் வேலியமும் மொகடானும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அதன் பிறகும் சட்டத்துக்குள் ஒரு தயக்கம் நீடித்தது. குடித்தவனைப் போலவே வேலியம் உட்கொண்டவனையும் நடத்தலாமா என்ற கேள்வி 1984இல் ஒரு தீவைப்பு வழக்கில் வந்தது. அமைதிப்படுத்தும் மருந்து வேறு, மது வேறு, இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று ஜூரி பார்க்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். வாகனம் ஓட்டும் வழக்குகளில் இந்தச் சலுகை செல்லாமல் போகலாம் என்ற குறிப்பும் அதே தீர்ப்பில் உண்டு. அந்தக் குறிப்பு நியாயமானதே. மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பவரால் பிறருக்குத் தீங்கில்லை, சாவியை எடுத்தால் உண்டு. ஆனால் 'தெரிந்திருந்ததா' என்ற அந்தக் கேள்வியை வாகன வழக்குகளில் கைவிட்டுவிடக் கூடாது. ஏன் என்பதைச் சோல்பிடெம் என்ற மருந்தின் கதை சொல்லும்.

சோல்பிடெம் மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1992 டிசம்பரில் அனுமதி தந்தது. ஆம்பியன் என்ற பெயரில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் ஆகும். ஆகவே காலையில் எழும்போது மருந்து போய்விடும் என்பதே பொது நம்பிக்கை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவாக 10 மி.கி. பரிந்துரைக்கப்பட்டது. மாத்திரை போட்டுப் படுத்தவர்கள் எழுந்து காரோட்டிவிட்டு, பிறகு எதுவும் நினைவில்லை என்று சொல்லும் சம்பவங்கள் சேரச் சேர, 2007இல்தான் எல்லாத் தூக்க மருந்துகளின் விவரத் தாளிலும் அந்த எச்சரிக்கை ஏறியது. 2013 ஜனவரியில் எஃப்டிஏ இன்னொரு செய்தியை வெளியிட்டது. 10 மி.கி. உட்கொண்டு எட்டு மணி நேரம் கழிந்த பிறகும், பெண்களில் சுமார் 15 சதவீதம் பேரின் ரத்தத்தில் மருந்து மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்தது. ஆண்களில் அது 3 சதவீதம். காரோட்டும் திறனைக் கெடுத்து விபத்துக்கு வழிவிடக்கூடிய அளவு அது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையில் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம் பேர் அந்த அளவைத் தாண்டினார்கள். பெண்களுக்கான அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. முழுதாக விழித்துவிட்டதாக உணர்ந்தாலும் திறன் குறைந்திருக்கலாம் என்றும் எஃப்டிஏ சேர்த்துச் சொன்னது. 1945ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முதல் தூண் இங்கே விழுந்துவிடுகிறது. இந்தக் காலைப் பொழுதில் இமை கனக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இருபது ஆண்டுகள் கோடிக்கணக்கான சீட்டுகளில் எழுதப்பட்ட ஓர் அளவு, பெண்களுக்கு இரு மடங்காக இருந்தது என்பதை நின்று யோசிக்க வேண்டும். அந்த இருபது ஆண்டுகளில் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மாத்திரை போட்டு, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, காலையில் காரை எடுத்து யாரையாவது மோதிய ஒரு பெண்ணைச் சட்டம் எந்த நியாயத்தில் குற்றவாளி என்றிருக்கும்? உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எஃப்டிஏவே எச்சரிக்காத ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்க முடியுமா? மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து என்பது வாகன வழக்குகளில் தற்காப்பாகாது என்றுதான் அமெரிக்க மாநிலங்களின் சட்டங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. பிறர் ஏமாற்றிக் கொடுத்ததை உண்டவருக்கு விலக்கு உண்டு. தெரிந்தே விழுங்கி, விளைவு தெரியாமல் போனவரின் நிலையோ இடையில் தொங்குகிறது.

இந்த இழுபறியைக் கென்னடி குடும்பத்தின் இரண்டு வழக்குகளில் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டிலும் உயிரிழப்பு இல்லை என்பதால் சட்டக் கேள்வி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. 2006 மே 4ஆம் தேதி விடியலுக்கு முன், நாடாளுமன்ற உறுப்பினர் பேட்ரிக் கென்னடியின் கார் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே பாதுகாப்புத் தடுப்பில் மோதியது. வாக்கெடுப்புக்குப் போவதாக அவர் காவலர்களிடம் சொன்னார். அந்த நேரத்தில் வாக்கெடுப்பு ஏதும் இல்லை. ஆம்பியனும் குமட்டல் மருந்தொன்றும் உட்கொண்டதாகச் சொன்ன அவர், பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2012 ஜூலை 13 காலையில், அவருடைய பெரியப்பா ராபர்ட் கென்னடியின் மகள் கெர்ரி கென்னடி நியூயார்க்கின் நெடுஞ்சாலை ஒன்றில் கனரக லாரியில் இடித்தும் நிறுத்தாமல் ஓட்டிச் சென்றார். ரத்தத்தில் சோல்பிடெம் இருந்தது. தைராய்டு மாத்திரை என்று எண்ணித் தூக்க மாத்திரையை மாற்றி விழுங்கிவிட்டேன் என்றார். தவறுதலாக விழுங்கியிருந்தாலும், மயக்கம் ஏறுவதை உணர்ந்திருப்பார், அப்போது நிறுத்தியிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1945ஆம் ஆண்டின் அதே வாதம். தன் நிலையை உணரும் திறனையே அந்த மருந்து பறித்துவிட்டது என்றது எதிர்த்தரப்பு. 2014 பிப்ரவரி 28 அன்று ஆறு பேர் கொண்ட ஜூரி அவரை விடுவித்தது. திறமையான வழக்கறிஞர்களை அமர்த்தும் வசதி உள்ளவருக்குக் கிடைத்த தீர்ப்பு அது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஜூரியின் தர்க்கம் பிழையென்று நான் நினைக்கவில்லை. அதே தர்க்கம் வசதியற்றவர்களுக்கும் எட்ட வேண்டும் என்பதே என் கவலை.

அறிவு வேறு கைகளிலிருந்து வர வேண்டும் என்றால், அதைத் தராத கைகளுக்கு என்ன பொறுப்பு? இந்தக் கேள்வியை அமெரிக்க உரிமையியல் நீதிமன்றங்கள் அறுபதுகளிலேயே கையில் எடுத்துவிட்டன. 1965இல் வாஷிங்டன் மாநிலத்தில், மூக்கடைப்புக்காக மருத்துவர் தந்த ஒவ்வாமை மருந்தை உட்கொண்ட பேருந்து ஓட்டுநர் ஓட்டும்போதே நினைவிழந்து, பயணி ஒருவர் காயமடைந்தார். தூக்கம் வரும் என்று ஓட்டுநரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் மருத்துவர் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 1983இல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று, மெத்தகுவலோன் என்ற தூக்க மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நோயாளியை எச்சரிக்கும் கடமை உடையவர் என்றது. எல்லாவற்றிலும் மனத்தைத் தைப்பது மாசசூசெட்ஸ் வழக்கு. எழுபத்தைந்து வயதை எட்டிய, பல நோய்கள் உடைய ஒருவர். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது காரோட்டக் கூடாது என்று சொன்ன குடும்ப மருத்துவர், சிகிச்சை முடிந்ததும் ஓட்டலாம் என்றார். அந்த நேரத்தில் அவருக்கு எழுதப்பட்டிருந்த மருந்துகளில் ஆக்சிகோடோன் என்ற வலி மருந்தும், தூக்கத்தைத் தூண்டும் ஆக்சசெபாமும் இருந்தன. இவை சேர்ந்தால் ஓட்டும்போது என்ன ஆகலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. 2002 மார்ச் 22 அன்று காரில் அவர் நினைவிழந்தார். நடைபாதையில் நண்பனோடு நின்றிருந்த பத்து வயதுச் சிறுவன் இறந்தான். மருத்துவர்மீது சிறுவனின் தாய் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளியது. 2007 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பிளவுபட்ட நிலையில், வழக்கை நடத்தலாம் என்றது. நோயாளியை எச்சரிக்கும் கடமை, அந்த எச்சரிக்கை இல்லாததால் சாலையில் அடிபடக்கூடியவர்களையும் காக்கும் கடமை என்பதே பெரும்பான்மையின் பார்வை.

மாறுபட்ட நீதிபதிகளின் அச்சத்தை எளிதில் ஒதுக்க முடியாது. முன்பின் தெரியாதவர்கள் தொடுக்கும் வழக்கை நினைத்துக்கொண்டே சீட்டு எழுதும் மருத்துவர், நோயாளிக்குத் தேவையான மருந்தைத் தரத் தயங்குவார். டென்னசி மாநிலம் இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. தசைத் தளர்ச்சி மருந்தும் தலைவலி மருந்தும் உட்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவரால் உயிரிழப்பு நேர்ந்த வழக்கில், அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்ற முடிவுக்காக மருத்துவர் மூன்றாம் மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, எச்சரிக்காமல் விட்டதற்கு மட்டும் சொல்ல வேண்டும் என்று 2003இல் அதன் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. சிகிச்சைச் சுதந்திரம் அப்படியே இருக்கிறது, கூடுவது இரண்டு வாக்கியப் பேச்சு. இன்னொரு ஆட்சேபமும் உண்டு: இப்படிப் பொறுப்பைப் பங்குபோட்டால் ஓட்டியவர் தப்பிவிடுவாரே? தப்ப மாட்டார். எச்சரிக்கை அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று நிரூபணமான இடத்தில் அவருடைய குற்றம் முன்னைவிடக் கனமாகிறது. சொல்லியும் ஓட்டினார் என்றால், பஃபலோ வழக்கின் நியாயம் முழுதாக அவர்மீது விழும். மதுவோடு மாத்திரை விழுங்கியவருக்கும், எழுதியதைவிடக் கூடுதலாக விழுங்கியவருக்கும் இந்த வாதத்தில் இடமே இல்லை.

வேறு வழியாகப் பிரிட்டன் ரத்த அளவை நிர்ணயித்துப் பார்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் 2 முதல், குறிப்பிட்ட மருந்துகள் ரத்தத்தில் வரம்பைத் தாண்டினாலே குற்றம். மருத்துவர் சொன்னபடி உட்கொண்டவருக்குத் தற்காப்பு உண்டு. பட்டியலில் தூக்க மருந்தான டெமசெபாம் இருக்கிறது. அதைவிடப் புதிய சோல்பிடெமும் சோபிக்ளோனும் இல்லை. அவற்றை உட்கொண்டு உயிர்ப்பலி நேர்ந்தால், ஓட்டும் திறன் கெட்டிருந்தது என்பதைப் பழைய முறையிலேயே நிரூபிக்க வேண்டும். மருந்தின் பாதிப்பில் அஜாக்கிரதையாக ஓட்டி உயிரைப் பறித்தால் 2022 முதல் ஆயுள் தண்டனை வரை போகலாம். அங்கே மருந்துக் கடையில் ஒட்டித் தரும் எச்சரிக்கைச் சீட்டோ, மறுநாளும் தூக்கம் வருவதுபோல் இருந்தால் ஓட்டாதீர்கள் என்கிறது. உணர்வை நம்பாதீர்கள் என்று அறிவியல் சொன்ன பிறகும் உணர்வையே அளவுகோலாக வைக்கும் அந்தச் சீட்டு எனக்குப் போதவில்லை.

நம் சட்டமும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான். பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சொற்றொடர் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நுழைந்து, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மி.கி. என்ற எல்லை உண்டு. மருந்துக்கு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்ற பழைய அளவுகோல்தான். சாலையில் போலீசார் ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே காட்டும். போதையில் செய்த குற்றத்துக்கு விலக்கு தரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு, அறியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை தரப்பட்டவரை மட்டுமே காக்கிறது. சீட்டுப்படி விழுங்கியவர் அதற்குள் வரமாட்டார். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்ற அதே சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அவரை எதிர்கொள்ளும். அங்கே நீதிமன்றம் கேட்க வேண்டியது, அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது. அதற்குச் சாட்சியம் இருக்க வேண்டிய இடம் மருந்துக் கடை. சோல்பிடெம், அல்பிரசோலம், நைட்ரசெபாம் எல்லாம் இந்திய மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு, மருத்துவ ஆலோசனையின்றி உட்கொள்வது ஆபத்து என்று அச்சிட வேண்டும். விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் வண்டி ஓட்டுவது பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும், தமிழிலும். பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டி, மறுநாள் காலை ஓட்டுவது பற்றி எச்சரித்ததற்கு வாங்குபவரின் கையெழுத்தைப் பெற வேண்டும். விபத்து நடந்த பிறகு ஓட்டியவருக்கு எதிராகவும், சொல்லாமல் விட்டவருக்கு எதிராகவும் அந்த ஒரு வரி பேசும்.