நாலுல ஒண்ணைக் கழிச்சா... (குதிரை தாண்டும் அணிகளின் கதை)

குதிரைப் போட்டின்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ரேஸ்தான். அதை விட்டா நாட்டுப்புறத்துல ரேக்ளா. நான் சொல்லப்போறது ரெண்டும் இல்ல. ஷோ ஜம்பிங். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒலிம்பிக்ஸ் நேரத்துல சேனல் மாத்தும்போது கண்ணுல பட்டிருக்கும், ரிமோட்டும் அப்படியே தாண்டிப் போயிருக்கும். எனக்கு மட்டும் எப்படியோ ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல "வாரக் கடைசியில என்ன பண்ணினே?"ன்னு கேட்டா, "டப்ளின் நேஷன்ஸ் கப் பார்த்தேன்"னு சொல்லுவேன். அதுக்கப்புறம் யாரும் பேச்சைத் தொடர மாட்டாங்க :-)

முதல்ல விதிமுறை. ஒரு மைதானம், அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு தடுப்பு. பெரிய போட்டின்னா ஒன்றரை மீட்டருக்கு மேல உயரம். கட்டை விழுந்தா 4 தண்டப்புள்ளி. குதிரை தாண்ட மாட்டேன்னு நின்னா அதுக்கும் 4. மறுபடியும் நின்னா வெளியே. ஆள் கீழே விழுந்தாலும் வெளியே. குறிச்ச நேரத்தைத் தாண்டினா அதுக்குத் தனியா தண்டம். கடைசியில யாருக்குப் புள்ளி கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில சமமா மோதுற விளையாட்டு.

போட்டிக்கு முன்னாடி மைதானத்துல குதிரை இல்லாம ஆட்கள் மட்டும் நடந்து போறதைப் பாருங்க, சும்மா நடக்கற மாதிரி இருக்கும். உண்மையில அளந்துக்கிட்டிருக்காங்க. நம்ம நாலு எட்டு, குதிரையோட ஒரு பாய்ச்சல். அதாவது ஏறத்தாழ 3.6 மீட்டர். ரெண்டு தடுப்புக்கு நடுவுல அஞ்சு பாய்ச்சலா ஆறு பாய்ச்சலான்னு அப்பவே கணக்குப் போட்டு மனசுல ஏத்திக்கணும். அப்புறம் ஒரே ஓட்டம். டீபக் பண்றதெல்லாம் கிடையாது, நேரா ப்ரொடக்ஷன்தான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். தனிநபர் போட்டியை விட எனக்கு அணிப் போட்டிதான் உயிர். அதுல நூறு வருஷமா ஓயாத ஒரு சண்டை இருக்கு: ஒரு அணிக்கு எத்தனை பேர்? அதுல எத்தனை பேரோட புள்ளி கணக்குல வரும்? சின்ன விஷயமாத் தெரியும். ஆனா இந்த விளையாட்டோட பெரிய கதைகள் பாதி இதுக்குள்ளதான் இருக்கு.

ராணுவக்காரங்க காலம்

ஆரம்பத்துல இது முழுக்க ராணுவ அதிகாரிகளோட விளையாட்டு. தாண்டும்போது பின்னால சாய்ஞ்சு உட்கார்றதுதான் அப்ப வழக்கம். ஃபெடரிகோ காப்ரில்லின்னு ஒரு இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி அதைத் தலைகீழா மாத்தினார். குதிரையோட சேர்ந்து ஆளும் முன்னால சாயணும், அதோட முதுகை விடுவிக்கணும்னார். 1907ல அவர் இறந்துட்டார். இன்னைக்கு உலகம் முழுக்க எல்லாரும் தாண்டுறது அவர் வழியிலதான்.

1909ல முதல் நேஷன்ஸ் கப் போட்டிகள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல அணிப் போட்டி வந்துச்சு, சொந்த மண்ணுல ஸ்வீடனுக்குத் தங்கம். 1921ல சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் உருவாச்சு. 1926ல டப்ளின்ல நேஷன்ஸ் கப் ஆரம்பிச்சப்ப அதுக்குக் கோப்பை கொடுத்தவர் மூன்றாம் ஆகா கான், நம்ம துணைக்கண்டத்துக்காரர், கராச்சியில பிறந்தவர். அந்தப் போட்டியை இன்னைக்கும் ஆகா கான் கோப்பைன்னுதான் சொல்றாங்க. முதல் வருஷம் ஜெயிச்சது சுவிட்சர்லாந்து. 1977, 78, 79னு மூணு வருஷம் தொடர்ந்து அயர்லாந்து ஜெயிச்சு, ஒரு கோப்பையை நிரந்தரமா வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. எடி மேக்கன், அவரோட குதிரை பூமராங் பேரைச் சொன்னா அயர்லாந்துப் பெரியவங்க முகம் இப்பவும் மலரும்.

மூணு பேரும் முடிச்சாகணும்

ஒலிம்பிக்ஸ்ல நடுவுல ரொம்ப காலம் இருந்த விதி இதுதான்: அணிக்கு மூணு பேர், மூணு பேரோட புள்ளியும் கணக்கு. ஒருத்தர் முடிக்கலைன்னா அணியே காலி.

இது எவ்வளவு கொடூரமா போகும்ங்கிறதுக்கு 1932 லாஸ் ஏஞ்சலஸ் உதாரணம். எந்த நாட்டு அணியிலயும் மூணு பேரும் முடிக்கல. அதனால அணிப் பதக்கமே கொடுக்கல. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணும் அப்படியே பெட்டிக்குள்ள. தனிநபர் தங்கம் மட்டும் ஜப்பானோட தாகேயிச்சி நிஷிக்கு, யுரேனஸ்ங்கிற குதிரையில. அதே நிஷி 1945ல இவோ ஜிமா போர்ல அமெரிக்கப் படைக்கு எதிரா நின்னு உயிரை விட்டார்.

1952 ஹெல்சிங்கி. போட்டிகளோட கடைசி நாள், அதுவரைக்கும் பிரிட்டனுக்கு ஒரு தங்கம்கூட இல்ல. ஹாரி லுவெலின், குதிரை பேரு ஃபாக்ஸ்ஹண்டர். முதல் சுற்றுல படு சொதப்பல், 16.75 தண்டப்புள்ளி. கழிச்சு விட வழியே இல்ல, மூணு பேரும் கணக்கு. ரெண்டாவது சுற்றுல அதே ஜோடி ஒரு கட்டைகூடத் தட்டாம வந்துச்சு. பிரிட்டனுக்கு அணித் தங்கம், அந்த ஒலிம்பிக்ஸ்ல அவங்களோட ஒரே தங்கம். 1968 மெக்சிகோவுல கனடாவுக்கும் இதே கதை. அவங்களுக்குக் கிடைச்ச ஒரே தங்கம் ஷோ ஜம்பிங் அணி கொடுத்ததுதான்.

ஆனா இந்த விதியோட உச்சம் 1956. மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்தான், ஆனா ஆஸ்திரேலியாவோட கால்நடைத் தடைச் சட்டத்தால குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோம்ல நடந்துச்சு. ஜெர்மனியோட ஹான்ஸ் குந்தர் விங்க்லர், ஹல்லாங்கிற பெண்குதிரை. முதல் சுற்றுல கடைசிக்கு முந்தின தடுப்புல ஹல்லா கொஞ்சம் சீக்கிரமா எம்பிட்டுது. விங்க்லருக்குத் தொடையிடுக்குத் தசை கிழிஞ்சுபோச்சு. நடக்கவே முடியல. அவர் விலகினா ஜெர்மன் அணி அத்தோட முடிஞ்சுது.

வலியோட மறுபடியும் ஏறினார். ஹல்லாவை வழிநடத்துற நிலைமையில அவர் இல்ல, தடுப்புக்கு நேரா திருப்பி விடத்தான் முடிஞ்சுது. மத்ததெல்லாம் ஹல்லா பார்த்துக்கிச்சு. ஒரு கட்டை விழல. தனிநபர் தங்கம், அணித் தங்கம் ரெண்டும். ஹல்லாங்கிற பேரை இனிமே வேற எந்தப் போட்டிக் குதிரைக்கும் வைக்கக்கூடாதுன்னு ஜெர்மன் சம்மேளனம் முடிவே பண்ணிடுச்சு. (அதே போட்டியிலதான் பிரிட்டனோட பாட் ஸ்மைத், ஒலிம்பிக் ஷோ ஜம்பிங்ல கலந்துக்கிட்ட முதல் பெண்கள்ல ஒருத்தரா வந்து அணி வெண்கலம் வாங்கினார்.)

நாலாவது ஆள்

1972 ம்யூனிக்ல விதி மாறிச்சு. அணிக்கு நாலு பேர், அதுல நல்ல மூணு புள்ளி மட்டும் எடுத்துக்கலாம். மோசமானதைக் கழிச்சு விட்டுடலாம். நேஷன்ஸ் கப் பார்க்கிறவங்களுக்கு இது பழகின கணக்குதான். ம்யூனிக்ல மேற்கு ஜெர்மனி அமெரிக்காவை வெறும் 0.25 புள்ளியில தோற்கடிச்சது. அந்த அணியிலயும் விங்க்லர் இருந்தார்!

எங்க துறை பாஷையில சொன்னா இது ரிடண்டன்சி. நாலு சர்வர் வச்சுக்கோ, ஒண்ணு படுத்தாலும் சைட் ஓடும். 1972க்கு முன்னாடி மூணுமே சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்.

இதோட அருமை புரியணும்னா 2008க்கு வாங்க. பீஜிங் ஒலிம்பிக்ஸ், குதிரைகளுக்கு மட்டும் ஹாங்காங். கனடா அணியில மேக் கோனோட குதிரைக்குக் காயம். அதை ஓய்வுல விட்டுட்டாங்க. மீதி மூணு பேர் மட்டும் விளையாடி அமெரிக்காவோட சமன் பண்ணி, ஜம்ப் ஆஃப்ல தோத்து வெள்ளி வாங்கினாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தர் இயன் மில்லர். வயசு 61, ஒன்பதாவது ஒலிம்பிக்ஸ், முதல் பதக்கம்! நாலாவது இடம்ங்கிற வசதி இருந்ததால ஒரு குதிரையோட கால் பிழைச்சது, அணியும் பிழைச்சது.

2012 லண்டன். பிரிட்டனும் நெதர்லாந்தும் சமம். ஜம்ப் ஆஃப்ல பிரிட்டனோட நாலாவது ஆளா வந்தவர் பீட்டர் சார்ல்ஸ். பிசகில்லாம முடிச்சார், 60 வருஷத்துக்கு அப்புறம் பிரிட்டனுக்கு அணித் தங்கம். அப்ப அவர் பையன் ஹேரிக்கு 13 வயசு. 2024 பாரிஸ்ல, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துல பிரிட்டன் மறுபடியும் அணித் தங்கம் வாங்கினப்ப அந்த மூணு பேர்ல ஒருத்தர் ஹேரி சார்ல்ஸ். மத்த ரெண்டு பேர் ஸ்காட் பிராஷ், பென் மாஹர். அவங்க ரெண்டு பேரும் 2012ல அப்பாவோட அணியில இருந்தவங்க. சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம்.

மறுபடியும் மூணு

ஆமா, பாரிஸ்ல மூணு பேர்தான். டோக்கியோவுலயே மாத்திட்டாங்க. ரியோ 2016ல 15 அணி, அணிக்கு நாலு பேர், மொத்தம் 60. டோக்கியோவுல 20 அணி, அணிக்கு மூணு பேர், அதே 60. கூடுதல் நாட்டுக் கொடிகள் வேணும், அதுக்காக நாலாவது ஆளை வெட்டினாங்க.

அந்த டோக்கியோ அணி இறுதிப் போட்டி நடந்தது 2021 ஆகஸ்ட் 7. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிஞ்சாரே, அதே சாயங்காலம். லேப்டாப்ல ஒரு பக்கம் ஈட்டி, ஒரு பக்கம் குதிரைன்னு ரெண்டு ஜன்னலைத் திறந்து வச்சுப் பார்த்தேன். வீட்டுல எல்லாரும் நீரஜுக்குக் கத்துறப்ப நான் பிரான்ஸுக்காகத் தலையில கை வச்சிருந்தேன்.

காரணம், கடைசி ஆள் வர்ற வரைக்கும் பிரான்ஸ்தான் தங்கத்துக்கு மிகக் கிட்ட. அந்தக் கடைசி ஆள் பெனெலோப் லெப்ரெவோ. ரியோவுல தங்கம் வாங்கின பிரெஞ்சு அணியில இருந்தவர். குதிரை தாண்ட மறுத்துடுச்சு, வெளியேற்றம். தங்கம் மட்டும் போகல, அணியே பட்டியல்ல இல்லாமப் போச்சு. நாலு பேர் இருந்திருந்தா அவர் புள்ளியைக் கழிச்சுட்டு பிரான்ஸ் ஏதாவது ஒரு பதக்கத்தோட போயிருக்கலாம்.

அதே நாள், ஸ்வீடனும் அமெரிக்காவும் தலா 8. ஜம்ப் ஆஃப்ல ஆறு பேரும் ஒரு கட்டைகூடத் தட்டல! மொத்த நேரத்துல ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல வித்தியாசம், ஸ்வீடன் ஜெயிச்சது. 1924க்கு அப்புறம் அவங்களுக்கு முதல் அணித் தங்கம். பீடர் ஃப்ரெட்ரிக்சனோட ஆல் இன் காலுல லாடமே இல்லாம ஓடிச்சு. பரபரப்புன்னு பார்த்தா அன்னைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. அதை மறுக்க மாட்டேன்.

அப்ப என்னதான் பிரச்சினை?

மூணு பேர் விதியை ஆதரிக்கிறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. டோக்கியோவுல மொராக்கோ, எகிப்து, இஸ்ரேல், சீனா அணிகளைப் பார்க்க முடிஞ்சுது. நாலு உலகத்தரக் குதிரையைச் சேர்க்குறது பணக்கார நாடுகளுக்குத்தான் சுலபம். மாற்று ஆள் ஒருத்தரை வச்சுக்கவும் விதியில இடம் இருக்கு. ஆனா சுற்று ஆரம்பிச்ச பிறகு அவரால ஒரு பயனும் இல்ல.

என்னோட கேள்வி வேற. விங்க்லர் கதையை எல்லாரும் வீரக் கதையாச் சொல்றோம், நானும் மேல அப்படித்தான் சொன்னேன். ஆனா அங்க அடிபட்டது மனுஷன். வலிக்குதா, ஏறலாமா வேணாமான்னு அவரே முடிவு பண்ணினார். அடிபட்டது ஹல்லாவா இருந்தா? விலகினா அணி அவுட்ங்கிற விதியில, லேசா நொண்டுற குதிரையை, களைச்சுப்போன குதிரையை "இன்னும் ரெண்டு தடுப்புதான்"னு ஓட்டச் சொல்ற சபலம் எவ்வளவு பெருசு? நாலாவது ஆள் இருந்தா பாதி வழியில கையைத் தூக்கி "போதும்"னு வெளியே வந்துடலாம், தோழர்களுக்குத் துரோகம் பண்ணின மாதிரி இருக்காது. கழிச்சு விடுற அந்த ஒரு புள்ளி சோம்பேறிகளுக்குக் கொடுத்த சலுகை இல்ல, பேச வாயில்லாத ஜீவனுக்குக் கொடுத்த சலுகை. கனடா 2008ல பண்ணினது அதைத்தான்.

2024ல ஆரம்பிச்ச லீக் ஆஃப் நேஷன்ஸ் தொடர்ல ஒரு சமரசம் பண்ணியிருக்காங்க. முதல் சுற்றுல நாலு பேர், ஒண்ணைக் கழிக்கலாம். ரெண்டாவது சுற்றுல மூணு பேர் மட்டும், கழிவு கிடையாது. பரபரப்பும் இருக்கு, சோர்ந்த குதிரைக்கு ஓய்வும் கிடைக்குது. ஒலிம்பிக்ஸ்லயும் இப்படிப் பண்ணலாமேன்னு தோணுது.

கடைசியா நம்ம ஊர் சேதி ஒண்ணு. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில இந்தியா அணி டிரஸ்ஸாஜ்ல தங்கம் வாங்கிச்சு, ஞாபகம் இருக்கா? அது தாண்டுற போட்டி இல்ல, குதிரையோட நடையழகுக்கு மதிப்பெண் போடுற போட்டி. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா. நாலு பேர் போனாங்க, மேல இருந்த மூணு மதிப்பெண்ணைக் கூட்டி 209.205. சுதிப்தியோடது கணக்குல வரல. ஆனா மேடையில நாலு பேர் கழுத்துலயும் தங்கம் தொங்கிச்சு. கணக்குல வராத அந்த நாலாவது ஆளுக்கும் சேர்த்துத்தான் அதுக்கு அணின்னு பேரு.

நீங்க எந்தப் பக்கம், நாலா மூணா?