டியூரரின் திருப்பிறப்பு அச்சும் முத்திரைச் சிக்கலும்

நூரம்பெர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) உருவாக்கிய 'கன்னி மரியின் வாழ்வு' என்னும் மரச்செதுக்குப் படத்தொடரில் கிறித்துவின் பிறப்புக் காட்சியும் ஒன்று. சிதைந்த தொழுவத்தின் மரச்சட்டங்களுக்கிடையே மரியாள் குழந்தையின்முன் மண்டியிட்டுள்ளாள். காண்போர் கண் குழந்தையினும் முன்னதாகக் கூரையின் கோட்டமைதியிலேயே தங்கும் எனலாம்.

இத்தொடரின் 17 படங்களை மார்க்கந்தோனியோ ரைமொந்தி என்னும் இத்தாலியர் செப்புத்தகட்டில் படியெடுத்தார். மரச்செதுக்கில் கோடு மேடாக நிற்கும். செப்புத்தகட்டிலோ பள்ளமாக வெட்டப்படும். செய்முறை நேர்மாறாயினும் படிகள் மூலத்தைப் பெரிதும் ஒத்திருந்தன. டியூரரின் பெயரெழுத்து முத்திரையும் அவற்றில் அவ்வாறே பொறிக்கப்பட்டது.

டியூரர் வெனிசு சென்று முறையிட்டார் என்றும், முத்திரையை இடுவதை மட்டுமே அரசு தடுத்தது என்றும் வசாரி 1568-இல் எழுதினார். ஆனால் அவர் சுட்டும் படங்கள் 1511-இல் வெளிவந்த 'சிறிய பாடுகள்' தொடருக்குரியன. டியூரர் வெனிசில் இரண்டாம் முறை தங்கியதோ 1505–1507 ஆண்டுகளில். எனவே அக்கூற்றை முழுமையாக ஏற்பதற்கில்லை. எனினும், ரைமொந்தி பின்னர்ப் படியெடுத்த 'சிறிய பாடுக'ளில் அம்முத்திரை காணப்படாமை எண்ணத்தக்கது.

1511-இல் மரியின் வாழ்வு நூலாக வெளிவந்தபோது, பிறர் உழைப்பையும் அறிவையும் கவர்வோரை அதன் இறுதிக்குறிப்பு கடிந்தது. பேரரசர் மாக்சிமிலியன் அளித்த உரிமையைக் காட்டி, பேரரசின் எல்லைக்குள் போலிப் படிகளை அச்சிடுதலும் விற்றலும் கூடாதென அது எச்சரித்தது. வெனிசு அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.